கொற்கைக் கடலில் நஞ்சும் மருந்தும்

கொற்கை என்றவுடன் மாணவர்களாகிய உங்கள் நினைவில் முதலில் எழுவது முத்தாகத்தான் இருக்கும். பாண்டியரின் பழந்துறைமுகம் அது. இன்று அது தாமிரபரணியின் வடபால், கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே ஒதுங்கிக் கிடக்கும் சிற்றூர். ஆறு கொணர்ந்து குவித்த வண்டல் கடலைப் பின்னே தள்ளிவிட்டது. துறைமுகத்தின் தொழிலும் முதலில் காயலுக்கும், பின்னர் தூத்துக்குடிக்கும் பெயர்ந்தது. முத்தின் பெருமையைப் பேசியவர் பலர். முத்தை எடுக்க நீண்ட கைக்கு ஒரு சாண் தொலைவிலேயே கிடந்த மற்றொரு பொருளைப் பற்றி இன்று உங்களோடு பேச விழைகிறேன். அப்பொருள் நஞ்சு. உயிரைக் கொல்லும் அந்நஞ்சு எவ்வாறு உயிரைக் காக்கும் மருந்தாயிற்று என்பதே என் பேச்சு.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடற்பயண நூல் கொற்கையைக் கொல்கை என்று குறிக்கிறது. அங்கே முத்துக் குளிப்பில் ஈடுபடுத்தப்பட்டவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்றும் அது கூறுகிறது. இச்செய்தியைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அரசன் மார்பில் ஒளிர்ந்த ஆரமும், உரோமாபுரிச் சீமாட்டியின் காதணியும், தம் உயிரைப் பொருட்படுத்த ஒருவருமில்லாத மனிதர்களால் கடலடியிலிருந்து எடுக்கப்பட்டவை. முத்துக் குளிப்பு அத்தனை ஆபத்தான தொழில்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ மற்றொரு செய்தியை எழுதி வைத்திருக்கிறார். குளிப்பவர்களுக்குத் தீங்கு நேராதபடி கடல் மீன்களை மந்திரத்தால் கட்டுவதற்கென்றே சிலர் இருந்தனராம். எடுத்த பொருளில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குரிய கூலி. இவர்களின் வழிவந்தோர் கடல்கட்டி என்னும் பெயரால் வெள்ளையர் ஆட்சிக்காலம் வரையிலும் இத்தொழிலைச் செய்து வந்தனர். மந்திரம் சுறாவின் வாயைக் கட்டியதோ இல்லையோ, குளிப்பவனின் அச்சத்தைக் கட்டியது. கடல்கட்டி கரையில் நில்லாத நாளில் பாருக்குப் படகு புறப்படாது. ஆபத்துக்கு மருந்தில்லாத காலத்தில் நம்பிக்கையே மருந்தாக விற்கப்பட்டது. அதற்கு இருபதில் ஒரு பங்கு விலையும் கொடுக்கப்பட்டது.

சுறாவைக் கண்ணால் காணலாம். ஆனால் இக்கடலின் பகைவர்களுள் பல கண்ணில் படுவதேயில்லை. திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும். அதன் வாலிலுள்ள முள் காலில் ஏறினால் ஆண்மை மிக்க மீனவனும் அலறித் துடிப்பான். சொறி உடலில் பட்டால் சாட்டையால் அடித்தது போல் தடித்துவிடும். பேத்தை மீனை அறியாமல் உண்டவர் நாவும் உதடும் மரத்து மாண்டதுண்டு. வலையோடு வரும் கடற்பாம்பு, கடித்தது தெரியாதபடி கடித்துவிட்டுப் போகும். இவையெல்லாம் ஏன் நஞ்சைச் சுமக்கின்றன? விரைந்தோட முடியாதது, பெரிய பல்லும் நகமும் இல்லாதது, தன் இரையை ஒரு நொடியில் அசைவற்றதாக்க வேண்டுமானால் அதற்குரிய ஒரே படைக்கலம் நஞ்சு. அந்த நஞ்சும் இரையின் உடலில் எங்கே அடித்தால் வீழுமோ அங்கே மட்டும் அடிக்கும்படி, கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தீட்டப்பட்டு வந்திருக்கிறது. இந்தக் குறியின் துல்லியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நஞ்சு மருந்தாவதன் இரகசியம் அதிலேதான் இருக்கிறது.

நஞ்சைக் கண்டு நம் முன்னோர் ஓடி ஒளிந்துவிடவில்லை. நாவி, எட்டி, சேராங்கொட்டை, பாஷாணங்கள் ஆகியவற்றைச் சித்த வைத்தியர்கள் சுத்தி செய்து, அளவறிந்து மருந்தில் சேர்த்தனர். பாற்கடலைக் கடைந்தபோது ஆலகாலமும் அமுதமும் ஒரே கடலிலிருந்து எழுந்தன என்ற கதையைச் சொல்லி வளர்ந்த மக்களுக்கு இந்த எண்ணம் புதியதன்று. ஆனால் ஒரு குறை இருந்தது. ஒரு மருந்தால் நோயாளி பிழைத்தானா, மருந்தின்றியே பிழைத்திருப்பானா என்பதைப் பிரித்தறியும் வழி வேண்டும். பாம்பு கடித்தவரெல்லாம் சாவதில்லை; நஞ்சு இறங்காத கடியும் உண்டு. அப்படிப் பிழைத்தவன் எந்த வேரைத் தின்றிருந்தானோ அந்த வேருக்குப் புகழ் சேர்ந்துவிடும். சோதித்துப் பார்த்தாலன்றி உண்மை விளங்காது.

அச்சோதனையை நம் சோழமண்டலக் கரையில் முறையாகத் தொடங்கியவர் பாட்ரிக் ரஸ்ஸல் என்னும் ஸ்காட்லாந்து வைத்தியர். 1780களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணத்தில் தாவர நூலறிஞராக இருந்த அவர், ஊர் ஊராகப் பாம்புகளைத் திரட்டினார். நஞ்சுள்ளது எது, இல்லாதது எது என்பதே அன்று எவருக்கும் தெளிவாகத் தெரியாது. கோழிகளையும் நாய்களையும் கடிக்க வைத்து, கடிக்கும் சாவுக்கும் இடையே கழிந்த நேரத்தைக் குறித்து வைத்தார். அன்று பெரும்பெயர் பெற்றிருந்த, பாஷாணம் கலந்த தஞ்சாவூர் மாத்திரையையும் சோதனைக்கு உட்படுத்தினார். ஐயத்துக்கு இடமற்ற முறிமருந்தாக அதை அவரால் ஏற்க இயலவில்லை. 1796ஆம் ஆண்டில் அவருடைய நூல் வண்ணப் படங்களுடன் வெளிவந்தது. நாம் கண்ணாடி விரியன் என்று அழைக்கும் பாம்பு உலக நூல்களில் இன்றும் ரஸ்ஸல் விரியன் என்றே வழங்குகிறது.

அந்நூலில் ரஸ்ஸல் பாம்புகளுக்கு நம் மக்கள் இட்ட பெயர்களையும் கேட்டு எழுதி வைத்தார். கடற்பாம்பு ஒன்றுக்கு அவர் காதில் விழுந்த பெயர் வலகடியன். வலையைக் கடிப்பது என்று பொருள் கொள்ள இடந்தரும் பெயர். வலையில் சிக்கிய பாம்பின் இயல்பை நாள்தோறும் கண்டவர்களன்றி வேறு யார் அப்படிப் பெயர் வைக்க முடியும்? பத்தொன்பதாம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் அப்பெயரையே இலத்தீன் வடிவில் அப்பாம்பின் விஞ்ஞானப் பெயராக ஆண்டனர். மீனவரின் சொல் ஒன்று ஐரோப்பிய நூல்களில் ஏறிவிட்டது. அப்பாம்பின் கடிக்கு மருந்து மட்டும் அந்த மீனவருக்குக் கிடைக்கவில்லை. இக்குறையைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

ரஸ்ஸலுக்குப் பின் ஜோசப் ஃபேரர் கல்கத்தாவில் ஆண்டுக்கணக்கில் உழைத்து, 1872ஆம் ஆண்டில் இந்தியாவின் நச்சுப் பாம்புகளைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டார். பாம்புக் கடிக்கென்று சொல்லப்பட்ட மருந்துகள் பலவற்றை அவர் சோதித்தார், ஒன்றும் நிற்கவில்லை. விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. 1894ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் ஆல்பர்ட் கால்மெத் ஒருபுறமும், ஃபிசாலிக்ஸ், பெர்த்ராண்ட் என்னும் இருவர் மற்றொருபுறமுமாக ஓர் உண்மையை அறிவித்தனர். ஒரு பிராணியின் உடலில் நஞ்சை மிகச் சிறிய அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செலுத்தினால், அப்பிராணியின் இரத்தத்திலேயே அந்நஞ்சை முறிக்கும் பொருள் உண்டாகிறது. அந்த இரத்தத்தின் தெளிநீரைப் பாம்பு கடித்தவர்க்குச் செலுத்தினால் அவரும் பிழைக்கிறார். வேரும் தழையும் செய்ய மாட்டாததை நஞ்சே செய்தது. நஞ்சுக்கு மருந்து நஞ்சிலிருந்தே பிறந்தது.

இன்றும் முறிமருந்து செய்யும் வழி இதுவே. குதிரைக்கு நஞ்சைச் சிற்றளவில் ஏற்றி, அதன் இரத்தத்தில் எதிர்ப்பொருள் பெருகியபின் ஓரளவு இரத்தம் எடுத்துத் தூய்மை செய்கிறார்கள். சென்னை கிண்டியில் 1899ஆம் ஆண்டில் தோன்றிய கிங் நிலையமும் இத்தொழிலைச் செய்திருக்கிறது. ஆனால் முதல் வெற்றிக்குப் பின் ஒரு பாடம் காத்திருந்தது. கால்மெத் தாம் செய்த மருந்து எல்லாப் பாம்புக்கும் பொருந்தும் என்று நம்பினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் ஆராய்ந்த ஜார்ஜ் லாம், நாகத்தின் நஞ்சால் ஆன மருந்து கண்ணாடி விரியன் கடிக்கு உதவாது என்று காட்டினார். எந்தப் பாம்பின் நஞ்சைக் கொண்டு மருந்து செய்தோமோ, அந்தப் பாம்பின் கடிக்கே அது முழுமையாகப் பயன்படும். ஆகையால் நம் நாட்டில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் கொண்டு கூட்டு மருந்து செய்யப்படுகிறது.

அதற்கு வேண்டிய நஞ்சை யார் எடுப்பது? இங்கே நம் தமிழகத்தின் பங்கு பெரிது. பாம்புத் தோலுக்காக வேட்டையாடி வாழ்ந்த இருளர், 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பிழைப்பை இழந்து நின்றனர். 1978ஆம் ஆண்டில் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் அவர்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைக்கப்பட்டது. அவர்கள் பாம்பைப் பிடித்து, சில வாரம் வைத்திருந்து, சில முறை நஞ்சு எடுத்தபின் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நாட்டின் முறிமருந்துச் சாலைகளுக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி இம்மக்களின் விரல் நுனி வழியாகத்தான் வருகிறது. அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவருக்கு 2023ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக் கடியால் இறந்தனர் என்று ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். இம்மக்களின் உழைப்பு இல்லையென்றால் அக்கணக்கு எங்கே போய் நின்றிருக்கும்!

இதுவரை நஞ்சை முறிக்க நஞ்சு உதவியதைச் சொன்னேன். இனி, பாம்பே கடிக்காத நோயாளிக்கும் நஞ்சு உதவிய கதையைச் சொல்கிறேன்.

கண்ணாடி விரியனின் நஞ்சு இரத்தத்தை உறையச் செய்யும். கடிபட்டவன் உடலில் உறைபொருள் அனைத்தும் தாறுமாறாகச் செலவழிந்து போகவே, பின்னர் இரத்தம் நிற்காமல் ஒழுகும். 1934ஆம் ஆண்டில் இலண்டனில் மாக்ஃபார்லேன், பார்னெட் என்னும் இருவர், சிறு காயத்திலும் இரத்தம் உறையாத பரம்பரை நோயுடையவர்களை எண்ணினர். உறையச் செய்யும் நஞ்சைப் பதினாயிரத்தில் ஒரு பங்காக நீர்த்து அவர்தம் காயத்தின் மேல் வைத்தால் என்ன? வைத்தனர், இரத்தம் நின்றது. ரஸ்ஸல் நம் கரையில் குறித்து வைத்த அதே பாம்பின் நஞ்சு, பல் பிடுங்கிய இடத்தில் ஒழுகிய குருதியை இலண்டனில் அடைத்தது. இன்று அந்நோய்க்கு வேறு சிறந்த மருந்துகள் வந்துவிட்டன. எனினும் இரத்தம் உறையும் முறையில் உள்ள சில கோளாறுகளைக் கண்டறிய மருத்துவச் சாலைகளில் இன்றும் கண்ணாடி விரியன் நஞ்சைக் கொண்டு சோதனை செய்கிறார்கள். சுருட்டை விரியனோ இதற்கு நேர்மாறான வழியைக் காட்டியது. அதன் நஞ்சில் இரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும் ஒரு பொருள் உண்டு. அதன் வடிவைப் பார்த்துச் செய்யப்பட்ட டைரோஃபைபான் என்னும் மருந்து, இருதயக் குழாயில் அடைப்பு நேர்வோருக்காக 1998 முதல் பயன்பட்டு வருகிறது.

பிரேசில் நாட்டுக் காட்டில் ஜராராகா என்றொரு விரியன் உண்டு. அது கடித்தவர்க்கு இரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். செர்ஜியோ ஃபெரேரா என்னும் அந்நாட்டு விஞ்ஞானி 1965ஆம் ஆண்டில் அதற்குக் காரணமான பொருளை அதன் நஞ்சில் கண்டார். ஆனால் அப்பொருளை விழுங்கினால் வயிற்றிலேயே செரித்துப்போகும். ஊசியால்தான் செலுத்த வேண்டும். அமெரிக்காவில் குஷ்மன், ஒண்டெட்டி என்னும் இருவர், அது உடலின் எந்தப் பூட்டில் போய்ப் பொருந்துகிறது என்பதை ஆராய்ந்து, அதே பூட்டுக்கு ஏற்ற சிறிய சாவியொன்றைத் தாமே செய்தனர். அதுவே காப்டோப்ரில். 1981ஆம் ஆண்டில் அது புழக்கத்துக்கு வந்தது. மாணவர்களே, இவ்விடத்தை ஊன்றிக் கவனியுங்கள். பாம்பின் நஞ்சைக் குப்பியில் அடைத்து விற்பதன்று மருந்து செய்தல். நஞ்சு உடலின் எந்த வாயிலைத் தட்டுகிறது என்று அறிவது முதற்படி. அவ்வாயிலை வேண்டிய அளவு மட்டும் மூடவோ திறக்கவோ கற்பது இரண்டாம் படி.

இனி மீண்டும் கொற்கைக் கடலுக்கு வருவோம். மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளிடையே கூம்பு நத்தைகள் பல வகை வாழ்கின்றன. ஓட்டில் பொன்னிறமும் கருநிறமுமாகக் கோலம் எழுதியிருக்கும். தூத்துக்குடியிலும் இராமேசுவரத்திலும் கிளிஞ்சல் கடைகளில் அவ்வோடுகளைக் கோத்து வைத்திருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அழகுக்காக அதை வாங்குவோருள் எத்தனை பேருக்கு அது உயிரோடிருந்தபோது என்ன செய்தது என்று தெரியும்? நத்தைக்கு ஓடத் தெரியாது, மீனுக்குத் தெரியும். ஆயினும் சில வகைக் கூம்பு நத்தைகள் மீனைத் தின்றே வாழ்கின்றன. அதன் பல் ஊசிபோல் நீண்டு, உள்ளே துளையுடையது. அதை எறியீட்டிபோல் மீனின் மேல் பாய்ச்சும். நஞ்சு ஏறிய மீன் நொடியில் அசைவற்றுப் போகும். சில வகைகள் மனிதரையும் கொல்லும். பாந்தா தீவில் இத்தகைய நத்தையைக் கையில் பிடித்திருந்த ஓர் அடிமைப் பெண் இறந்ததை, 1705ஆம் ஆண்டில் வெளியான ரும்ஃபியஸ் என்பவரின் நூல் பதிவு செய்திருக்கிறது.

இந்த நத்தையின் நஞ்சை ஆராயத் தொடங்கியவர் பால்டொமெரோ ஒலிவேரா என்னும் பிலிப்பைன்ஸ் நாட்டவர். அமெரிக்காவில் படித்து 1970ஐ ஒட்டி மணிலாவுக்குத் திரும்பிய அவருக்கு விலையுயர்ந்த கருவிகள் கிடைக்கவில்லை. கடற்கரையில் கிடைப்பதைக் கொண்டு ஆராய்வோம் என்று அவரும் லூர்து குரூஸ் என்னும் அம்மையாரும் நத்தையை எடுத்துக்கொண்டனர். பின்னர் அவர் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக் கழகத்துக்குச் சென்றபோது, கிரெய்க் கிளார்க் என்னும் கல்லூரி மாணவர் ஒரு யோசனை சொன்னார். நஞ்சின் கூறுகளைத் தனித்தனியே பிரித்து எலியின் மூளையில் நேரே செலுத்திப் பார்க்கலாமே என்றார். ஒரு கூறு எலியை உறங்கச் செய்தது. மற்றொன்று துள்ளி ஓடச் செய்தது. வேறொன்று நடுங்கச் செய்தது. ஒரே நத்தையின் நஞ்சில் நூற்றுக்கு மேற்பட்ட பொருள்கள் இருப்பதும், ஒவ்வொன்றும் நரம்பின் ஒவ்வொரு வாயிலைத் தட்டுவதும் தெரியவந்தன. மைக்கேல் மக்கின்டாஷ் என்னும் மற்றொரு மாணவர் அவற்றுள் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அது 25 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரடு. தண்டுவடத்தில் வலிச் செய்தி தாண்டிச் செல்லும் கால்சிய வாயிலை அது அடைத்துவிடுகிறது. அப்பொருளை ஆய்வுக்கூடத்திலேயே செய்து சிகோனோடைடு எனப் பெயரிட்டனர். 2004ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க அரசினர் அதற்கு ஒப்புதல் அளித்தனர். எந்த மருந்துக்கும் தணியாத கொடிய வலியுடையோருக்கு அது பயன்படுகிறது. அபினிலிருந்து வரும் மார்ஃபினுக்கு உடல் பழகி அடிமைப்படுவதுபோல் இதற்கு அடிமைப்படுவதில்லை. ஆனால் இதையும் முதுகுத் தண்டின் நீரிலே நேராகச் செலுத்த வேண்டும். தலைச்சுற்றலும் மனக்குழப்பமும் நேர்வதுண்டு. நஞ்சின் வழிவந்தது தன் குணத்தை முற்றிலும் விட்டுவிடுவதில்லை.

நம் நாட்டவரும் வாளாவிருக்கவில்லை. தமிழகக் கடலில் வாழும் கூம்பு நத்தைகளைக் கே. எஸ். கிருஷ்ணனும், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பி. பலராமும் தம் குழுவினரோடு ஆராய்ந்தனர். கோனஸ் அமாடிஸ் என்னும் நத்தையின் நஞ்சில் நரம்பின் சோடிய வாயிலைத் திறந்தபடியே வைத்திருக்கும் பொருள் ஒன்றை அவர்கள் பிரித்து 2003ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அது இன்னும் மருந்தாகவில்லை. ஆனால் பூட்டு எது என்று காட்டும் அறிவே பின்வரும் மருந்துக்கு வித்து.

இப்போது, முன்னே நிறுத்தி வைத்த குறையைச் சொல்கிறேன். நம் நாட்டில் செய்யப்படும் கூட்டு முறிமருந்து நான்கு நிலப்பாம்புகளுக்கு உரியது. கடற்பாம்பின் கடிக்கு அது உரியதன்று. வலகடியன் கடித்த மீனவருக்கு இங்கே கொடுக்கத் தனி முறிமருந்து இல்லை. மலேயாவின் பினாங்கு நகரில் 1950களிலும் 1960களிலும் அலிஸ்டேர் ரீட் என்னும் மருத்துவர், கடற்பாம்பு கடித்த மீனவர்களை வரிசையாகக் கவனித்து ஆராய்ந்தார். கடிபட்டவருள் பெரும்பாலோருக்கு நஞ்சு மிகுதியாக ஏறுவதில்லை என்றும், ஏறியவருக்குத் தசைகள் சிதைந்து சிறுநீர் கறுத்து வருமென்றும் கண்டார். பினாங்கில் எடுத்த அந்த நஞ்சைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் முறிமருந்து செய்யப்பட்டது. நம் கரையின் மொழியில் பெயர்பெற்ற பாம்புக்கு மருந்து எங்கோ தென்கண்டத்தில் இருக்கிறது. இந்நிலை மாற வேண்டும். அதுவரை, கடிபட்டவரின் உறுப்பை அசைக்காமல், அறுக்காமல், உறிஞ்சாமல், இறுக்கிக் கட்டாமல், காலந்தாழ்த்தாது பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதே வழி. அங்கே மூச்சுக்குத் துணை செய்யும் கருவியும், சிறுநீரகத்துக்குத் துணை செய்யும் கருவியும் பலரைக் காப்பாற்ற வல்லவை.

மற்றொரு கவலையும் உண்டு. தூத்துக்குடிப் பார்களில் முத்துக் குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. சிப்பிகள் பின்னர் அக்காலத்தைப்போல் பெருகவில்லை. சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை வெட்டி எடுத்ததும் இக்கடலிலேதான் நடந்தது. 1986ஆம் ஆண்டில் 21 தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி தேசியப் பூங்காவாக்கப்பட்ட பின்னரே பாறைகளுக்குக் காவல் கிடைத்தது. முத்து தீர்ந்தபோது ஏதோ ஓர் அணிகலன் தீர்ந்தது என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஒரு கூம்பு நத்தையினம் தீர்ந்தால், இன்னும் எவரும் படித்துப் பாராத நூறு சாவிகள் அதனோடு தீர்ந்துபோகும். அவற்றுள் எது எந்த நோயாளியின் பூட்டுக்கு உரியதென்று அப்போது சொல்ல எவராலும் இயலாது.

பெரிப்ளூஸ் எழுதப்பட்ட நாளில் கொற்கைக் கடலுக்குள் இறங்கியவர்கள் தண்டனைக்காக இறங்கினார்கள். அதே கடலுக்குள் அறிவுக்காக இறங்கும் வாய்ப்பு உங்கள் தலைமுறைக்கு வந்திருக்கிறது. அதற்குப் பெருங்கருவி வேண்டியதில்லை என்பதை மணிலாவின் கதையும், வயது ஒரு தடையன்று என்பதை யூட்டாவின் மாணவர் கதையும் உங்களுக்குச் சொல்லும். உங்களுள் ஒருவர் வலகடியனுக்கு மருந்து கண்டு, அதை முதலில் தூத்துக்குடி மருத்துவமனையில் வைப்பாரானால், அப்பாம்புக்குப் பெயர் வைத்த மக்களுக்கு நாம் பட்ட பழைய கடன் தீரும்.